தூங்குவதற்கு ஓர் ஒப்பந்தம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் நான்கு வரை தூங்கியே தீருவதென்று முத்திருளன் முடிவெடுத்துவிட்டார். ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடியேறிய பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறு மதியம்கூட அவர் கண்ணை மூடியதில்லை. மூடினால் மாவு மில், மச்சான் வீட்டு விசேஷம் என்று எதையாவது சொல்லி அவர் மனைவி பாண்டிமீனா திறந்துவிடுவாள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர். பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஏக்கம் பிடித்துவிட்டது.

ஒரு வாரம் படித்துத் தயாரானார். சனிக்கிழமை காலை, சாம்பார் கொதிக்கும் நேரம் பார்த்து அடுப்படிக்குள் நுழைந்தார்.

"மீனா, அந்தக் காலத்துச் சனங்க ராத்திரி ஒரே மூச்சாத் தூங்கலை, தெரியுமா? ரெண்டு தவணையாத் தூங்குனாங்களாம். கரண்டு லைட்டு வந்துதான் அம்புட்டும் கெட்டுச்சு. என்னோட ரெண்டாவது தவணையை இனி ஞாயித்துக்கெழம மதியம் எடுத்துக்கப் போறேன்."

"நம்ம மதுரைக்குப் பேரே தூங்கா நகரம். இங்க இருந்துக்கிட்டுப் பகல்ல தூங்குறேன்னா வெளிய சிரிக்க மாட்டாங்க?"

முத்திருளனுக்கு ரத்தம் கொதித்தது. சாம்பார் பின்தங்கிவிட்டது. தமிழ் வாத்தியாரையே ஒரு சொல்லை வைத்து மடக்குவதா?

"விவரம் தெரியாமப் பேசாதே! தூங்குறதுன்னா பழந்தமிழ்ல தொங்குறது. கிளையில பழம் தூங்குதுன்னா தொங்குதுன்னு அர்த்தம். உக்காந்தபடியே அசந்தவனுக்குத் தலை தொங்குச்சு, அதைப் பாத்துத் தூங்குறான்னு சொல்லிட்டாங்க. கண்ணை மூடிப் படுக்குறதுக்குப் பேரு உறக்கம். தூங்கா நகரம்னா தொங்காத ஊரு. அம்புட்டுத்தான்!"

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து கைதட்டினார். "வாத்தியாரண்ணே, அடிச்சுட்டீங்க!"

பாண்டிமீனா கரண்டியோடு திரும்பினாள். "நெசமாவே தூங்குறதுன்னா தொங்குறதா?"

"என் தமிழ் மேல சத்தியம்."

"மாத்திப் பேசுனா?"

"நான் வாத்தியாரே இல்லை!"

"சரி, ஜெயிச்சுட்டீங்க. தூங்கிக்கங்க."

ருசி கண்ட முத்திருளன் அதோடு விடவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'ஞாயிறுதோறும் இரண்டு முதல் நான்கு வரை முத்திருளன் தூங்குவார். யாரும் தடுக்கக் கூடாது. அவரே நினைத்தாலும் நிறுத்தக் கூடாது.' கடைசி வரி ஒரு வேகத்தில் வந்துவிட்டது. மனைவி கையெழுத்துப் போட்டாள். பேச்சிமுத்து சாட்சி. தாள் பிரிட்ஜ் கதவில் ஏறியது.

ஞாயிறு வந்தது. கறிக்குழம்பு, இரண்டாம் முறை சோறு, அப்புறம் ரசம். பாயை விரித்தார். ஃபேனை மூன்றில் வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் வெற்றி! அந்தச் சந்தோஷத்தில் காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

"ஏங்க, மணி ரெண்டாச்சு. எந்திரிங்க, தூங்க வேணாமா?"

கண்ணைத் திறந்தார். பாண்டிமீனா ஒட்டடைக் குச்சியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பேச்சிமுத்து ஏணியைப் பரணில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மீனா இது?"

"படுத்தா அது உறக்கமாமே. தாள்ல தூங்குறதுன்னுதானே எழுதியிருக்கீங்க? ஒரு கையால பரணைப் பிடிச்சுத் தொங்குங்க. இன்னொரு கை சும்மாதானே இருக்கு, ஒட்டடை அடிச்சிருங்க."

"ஏய், அது பழந்தமிழ்! இப்ப தூங்குறதுன்னா..."

"இப்பன்னா? சொல்லுங்க, பேச்சிமுத்து அண்ணனும் கேக்கட்டும்."

முத்திருளன் பேச்சிமுத்துவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"தமிழுக்காக ஏறுறேன். உனக்குப் பயந்து இல்லை!"

நான்கு மணி வரை அவர் பரணில் தூங்கினார். விரித்த பாய் வீணாகக் கூடாதென்று பாண்டிமீனா அதில் உறங்கினாள்.