மாடி அறை இங்கிலீஷ்

வெள்ளைத் தோலோடு பிறந்தவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் பேசிக்கொண்டேதான் பிறக்கிறார்கள் என்று இருபத்துநான்கு வயது வரை நம்பியவள் நான். படிக்காதவள் இல்லை. ஃபிசியோதெரபி பட்டம் வாங்கி, மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் முழங்கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன் (மற்றவர்களுடைய முழங்கால்களைத்தான்). அந்த நம்பிக்கை எனக்கு என்ன செய்தது என்று எழுதிவிட்டால், வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்களிடம் "நானே எழுதியாச்சு, போங்க" என்று சொல்லிவிடலாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நியூசிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி எனக்கு வேலை தருவதாகக் கடிதம் எழுதியிருந்தது. விசாவுக்குப் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, இங்கிலீஷ் தேர்வு. மூன்று மாதத்துக்குள் அதில் தேறி மார்க் ஷீட்டை அனுப்பாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதத்தின் கடைசி வரி மிகவும் மரியாதையாகச் சொன்னது. அப்பா கடைசி வரிக்குப் போவதற்கு முன்பே எங்கள் பேட்டை விஜயநகர் முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டார். பால் பூத்துக்காரர் வரை எனக்கு வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. இனி தேறாமல் தெருவில் நடக்க முடியாது.

படிப்பதும் எழுதுவதும் எனக்குப் பிரச்சினை இல்லை. பேசுவதுதான் வராது. பள்ளிக்கூடம் கன்னட மீடியம். கல்லூரியில் புத்தகம் இங்கிலீஷில், பேச்சு கன்னடத்தில். வீட்டில் திட்டு மட்டும் சுத்தத் தமிழில். யாராவது "ஹவ் ஆர் யூ" என்று கேட்டால்கூட எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தேர்வில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் பேச வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் வீட்டிலேயே இங்கிலீஷ் இருந்தது. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். "ஹலோ பாம்பே! மைசூர் ஹியர்! ஸ்பீக் ஆன், ஸ்பீக் ஆன்!" என்று இருபத்தைந்து வருடமாகப் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டாலும் பம்பாய்க்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பாள்.

"எங்கிட்ட தினம் ஒரு மணி நேரம் பேசுடி ரமா. தானா வந்துடும்," என்றாள்.

"ஐயோ வேண்டாம்மா. அங்கெல்லாம் ஸ்டைலாப் பேசணும். உன்னை மாதிரி கத்தினா உள்ளேயே விட மாட்டாங்க."

அம்மா டியூட்டிக்குக் கட்டிப்போகிற புடவையை மடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்காரர். எதையும் ஸ்பேர் பார்ட் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பது அவர் கட்சி. மைசூரில் யோகா படிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து அறை தேடி அலைவார்கள். எங்கள் மாடி அறை சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வயசு வெள்ளைக்கார அம்மாள் ஒருவரைப் பெட்டி படுக்கையோடு அழைத்து வந்துவிட்டார். பெயர் கிளேர்.

"ஒரிஜினல் சரக்கு," என்று என் காதில் கிசுகிசுத்தார். "புடிச்சுக்கோ."

"எந்த ஊராம்ப்பா?"

"லியோனாம். லண்டன் பக்கமா இருக்கும்."

(வீட்டில் அட்லஸ் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.)

ஆறு வாரம். கிளேர் காலையில் யோகா முடித்து வருவார், சாயங்காலம் நானும் அவரும் காபியோடு மாடியில் உட்காருவோம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நிறைய இடைவெளி விட்டுப் பேசுவார். பெரிய இடத்து இங்கிலீஷ் அப்படித்தான் நிதானமாக வரும் என்று அப்பா விளக்கினார். எப்போதும் கையில் தடியாக ஒரு அகராதி. "பாத்தியா, இந்த வயசுலயும் படிக்கறாங்க!" என்று அதற்கும் பூரித்தார். எனக்கு மிகவும் பிடித்தது அவர் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லும் விதம். இரண்டு தோளையும் காது வரை தூக்கி, கீழுதட்டைப் பிதுக்கி, "ப்ஃப்" என்று காற்றை விடுவார். இதுவல்லவா ஸ்டைல்! கண்ணாடி முன்னால் நின்று தினமும் பழகினேன்.

ஒருநாள் அம்மா, "சாம்பாருக்கு உப்பு சரியா இருக்காடி?" என்று கேட்டாள். நான் தோளைத் தூக்கினேன்.

"என்னாச்சு? கழுத்து புடிச்சிக்கிச்சா?" என்று பதறி, தைலம் எடுக்க ஓடினாள்.

எனக்கு இருந்த ஒரே வருத்தம், கிளேர் என்னோடு அரை மணி இருந்துவிட்டு அம்மாவைத் தேடி அடுப்படிக்குப் போய்விடுவதுதான். அம்மா பீன்ஸ் நறுக்க, அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார, இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிச் சிரிப்பார்கள். நான் அப்பாவிடம் புகார் செய்தேன்: "அம்மாவை ரொம்பப் பேச வேண்டாம்னு சொல்லுங்கப்பா. மேடம் இங்கிலீஷ் கெட்டுப்போயிடும்."

தேர்வு பெங்களூரில். நானும் அப்பாவும் அதிகாலை ரயிலில் போய் இறங்கினோம்.  தேர்வு நடக்கும் கட்டிடத்தின் வராந்தாவில் நுழைந்தால், அங்கே கிளேர் நின்றுகொண்டிருக்கிறார். (பெங்களூரில் ஒரு வேலை என்று முந்தின நாளே கிளம்பிப் போயிருந்தார்.)

அப்பா என் கையைப் பிடித்து உலுக்கினார். "ரமா! நம்ம மேடம்தான் எக்ஸாமினர்! ஆயித்து, விசா வந்த மாதிரிதான்!"

ஆறு வாரத்தில் முதல்முறையாக எனக்குத் தைரியம் வந்தது. அருகே போனேன். அவர் கையிலும், என்னிடம் இருப்பதைப் போலவே, ஒரு ஹால் டிக்கெட். கூடவே பாஸ்போர்ட். அதன் அட்டையில் எழுதியிருந்தது எனக்குத் தெரிந்த பாஷையே இல்லை.

"எனக்கும் பரீட்சை," என்றார் கிளேர், முகம் சிவந்து. "என் தங்கை நியூசிலாந்தில் இருக்கிறாள், நானும் அங்கே குடியேறப்போகிறேன். சொல்ல வெட்கமாக இருந்தது."

"நீங்க... இங்கிலீஷ்காரங்க இல்லையா?"

"நானா? பிரான்ஸ். இங்கிலீஷ் பழகத்தான் உங்கள் வீட்டில் தங்கினேன். உன் அம்மா எவ்வளவு நல்ல டீச்சர்!"

அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆறு வாரமாக அவரிடம் கற்ற இங்கிலீஷையெல்லாம் மனசுக்குள் கொட்டிப் பார்த்தால், நம்பி எடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. அப்படியே அறைக்குள் போனேன்.

எக்ஸாமினர் வயதானவர், சாந்தமான முகம். தோள் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்று நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெயர், ஊர், வேலை வரை தப்பித்தேன். பிறகு, "நகரத்தில் வாழ்வது நல்லதா, கிராமத்திலா?" என்று கேட்டார். நான் கிராமத்தையே பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். யோசிப்பதற்குள் தோள் காதுக்குப் போய்விட்டது, உதடு பிதுங்கிவிட்டது, "ப்ஃப்" என்று நான் விட்ட காற்றில் அவர் தாள் ஒன்று பறந்து கீழே விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். "பிரான்சில் எத்தனை வருடம் இருந்தீர்கள்?" என்று அன்பாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேசினேனா என்பதே சந்தேகம்.

எனக்கு அடுத்து கிளேர். கதவு அப்படியொன்றும் கனமில்லை. "ஹலோ சார்! கிளேர் ஹியர்! யெஸ் சார், டெல் மீ சார்!" என்று உள்ளேயிருந்து கட்டிடம் அதிர்ந்தது. இடைவெளி இல்லை, தயக்கம் இல்லை, மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் அம்மாதான். நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். திரும்பும் ரயிலில் அப்பா எனக்கு மத்தூர் வடை வாங்கித் தந்தார். 

முடிவு ஒரே நாளில், ஒரே முகவரிக்கு, இரண்டு கவராக வந்தது. கிளேர் தேறிவிட்டார். நான் பேச்சில் அரை மார்க்கில் போய்விட்டேன். மறுபடி எழுதி முடிவு வருவதற்குள் கெடு தாண்டிவிடும். நியூசிலாந்து வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்று அதே மரியாதையோடு கடிதம் வந்தது.

இரண்டு நாள் அழுதேன். வேலை போனதற்காக ஒரு நாள். அம்மாவின் குரலுக்கு நான் வெட்கப்பட்டதை நினைத்து ஒரு நாள். மூன்றாம் நாள் அடுப்படிக்குப் போய், "அம்மா, உங்கிட்டயே படிச்சிருக்கலாம்," என்றேன்.

"லைன் கிடைக்கலேன்னா மறுபடி போட வேண்டியதுதானே. இதுக்குப் போயி சும்னே அழுவாங்களா?" என்றாள், பாதி கன்னடம் கலந்து, தெருவுக்கே கேட்கும்படி.

மறுபடி அந்த லைன் கிடைக்கவில்லை. நான் மைசூரிலேயே இருக்கிறேன், முழங்கால்களும் குறைந்தபாடில்லை. ஆனால் அம்மா ரிடையரானதும் மாடி அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தாள். அவளிடம் படித்த நர்ஸுகளும் இன்ஜினீயர்களும் வரிசையாக விசா வாங்கிக்கொண்டு பறக்கிறார்கள். ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் முதல் நாள் புத்தகத்தைத் திறக்கும் முன் இந்தக் கதையைத்தான் சொல்கிறாள். நான் வீட்டில் இருந்தால், பாதியில் மேலே கூப்பிட்டுக் காட்டுவாள்.

"இவதான். பெத்த அம்மாவை விட்டுட்டு வெள்ளைக்காரிகிட்டப் படிக்கப் போனவ. பயப்படாதீங்க, இதுவரைக்கும் ஃபெயிலானது இவ ஒருத்திதான்."

நான் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன்.