ஹெட்லி ஓல்ட்ராய்ட் புகார் சொன்னார்

"நான் கடைக்குப் போய்ப் புகார் சொன்னேன்" என்றார் ஹெட்லி ஓல்ட்ராய்ட்.

பந்துருட்டும் கிளப்பில் அத்தனை டீக்கோப்பைகளும் உதட்டுக்குப் போகிற வழியில் அப்படியே நின்றன.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டாராம். பழுதான குழந்தை சீட்டை எடுத்துக்கொண்டு புத்தம் புதுசு கொடுத்தாராம். ரசீது என்ற பேச்சையே எடுக்கவில்லையாம். கொட்டும் மழையில் வெளியே வந்து, மண்டி போட்டு, ஹெட்லியின் காரில் அதைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாராம். கிளம்பும்போது ஒரு டப்பா பிஸ்கட் வேறு.

ராத்திரி நிலாவுக்குப் போய் முட்டைக்கோஸ் நட்டுவிட்டு விடிவதற்குள் திரும்பினேன் என்று அவர் சொல்லியிருந்தால் எங்கள் ஹெப்பிள்டன் ஊரில் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். யார்க்‌ஷரில் மழைகூட ஒருநாள் ஓயும். சந்தைத் தெருக் குழந்தைச் சாமான் கடை மட்டும் விற்ற பொருளைத் திரும்ப வாங்காது. அது வாங்கினாலும் வாங்கும், ஹெட்லி புகார் சொல்ல மாட்டார். ஒருமுறை ஓட்டலில் அவருடைய சூப்புக்குள் சமையல்காரரின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. எடுத்துத் துடைத்து, மடித்து, "இது இல்லாம அவருக்குச் சிரமமா இருக்குமே" என்று உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, மிச்ச சூப்பையும் குடித்துவிட்டு வந்தவர் அவர். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் வெட்டிவிட்டு மறதியாகச் சாப்பிடப் போனபோது, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்து, குளிர்காலம் முழுக்க ஊருக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நடந்தார்.

ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் ஒருவர் புளுகும்போது தலையாட்டுவதுதான் மரியாதை. ஆட்டாதவர் ஒரே ஒருவர், டீ ஊற்றிக்கொண்டிருந்த எனிட். சமீபத்தில்தான் எங்கள் ஊருக்குக் குடிவந்தவர். வழக்கம் இன்னும் பிடிபடவில்லை.

"நடந்திருக்காது ஹெட்லி. அந்தக் கடையைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார் எனிட்.

ஹெட்லிக்குக் கோபப்பட்டும் பழக்கம் இல்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வாரம் முழுக்க அவர் உயிரோடு இருந்ததே புதன்கிழமைக்காகத்தான். புதன்கிழமைகளில் மகள் ரொவீனா வேலைக்குப் போவாள். பேத்தி மேபல் தாத்தாவிடம் வருவாள். அவளைக் காரில் உட்காரவைத்து ஆற்றங்கரைக்குப் போய் வாத்துகளுக்குப் பட்டாணி போடுவார். அதற்கென்றே நல்லதாகப் பார்த்துக் குழந்தை சீட்டு ஒன்று வாங்கினார். முதல் புதன்கிழமையே அதன் வார்க்கொக்கி இறுகிக்கொண்டது. மேபல் உள்ளே, தாத்தா வெளியே. அழுத்தினார், இழுத்தார், கொக்கியிடம் கெஞ்சியும் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் சீட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தார்.

ரொவீனா சாயங்காலம் வந்து பார்த்தபோது மேபல் மேசைமேல் பட்டாபிஷேகம் நடந்த மாதிரி வீற்றிருந்தாள். முகமெல்லாம் தக்காளி பீன்ஸ். ஹெட்லி கீழே நின்று, வாத்து கொண்டுவரச் சொன்னவளுக்கு வாத்து மாதிரி கத்திக் காட்டிக்கொண்டிருந்தார். ரொவீனாவின் கை பட்டதும் கொக்கி வெண்ணெய் மாதிரி திறந்தது.

"அப்பா, கார் எங்கயாவது மோதி, இது திறக்கலைன்னா?" என்று மட்டும் கேட்டாள். சீட்டை மாற்றுகிற வரைக்கும் மேபல் அந்தக் காரில் ஏறக்கூடாது, புதன்கிழமைகளில் மாமியார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியார் என்றால் ஹெட்லியின் சம்பந்தியம்மா குவெண்டோலின். புதுக் கார், உயர்ந்த சீட்டு, வீட்டிலேயே சுட்ட கேக். அந்த அம்மாள் இந்த நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார் என்பது ஹெட்லியின் கட்சி. மேபல் குவெண்டோலின் பாட்டியோடு போய் வாத்துக்குப் பதிலாக அன்னத்தைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே புகார் சொல்வது என்று முடிவெடுத்தார். வீட்டுக் கெட்டிலை மேசையில் வைத்து, அதைக் கடைக்காரராகப் பாவித்து ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு முறையும் வாய் "மன்னிக்கணும்" என்றுதான் ஆரம்பித்தது. கெட்டில் சீறியபோது ஓரடி பின்வாங்கிக்கூட விட்டார்.

கடையில் சீட்டு அலமாரிப் பக்கத்தில் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். சாந்தமான முகம். ஹெட்லி அவர் முன்னால் சீட்டை வைத்து, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார். பெரியவர், வழியில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டார். இடித்துவிட்டேனோ என்று ஹெட்லி மறுபடி கேட்க, அதெல்லாம் என் தப்புதான் என்று அவர் சொல்ல, இப்படியே இரண்டு பேரும் கடை மூடுகிற நேரம் வரைக்கும் ஓட்டியிருப்பார்கள். பெரியவர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுக்கத்தான் போகிறார் என்று பயந்த ஹெட்லி, ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்றார்.

கொக்கியைப் போட்டுப் பார்த்தார்கள். சுகமாகத் திறந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் சுகம். ஹெட்லி வெட்கத்தில் சீட்டிடமே மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்தார். உள்ளே ஆள் இருந்தால்தான் இறுகும் போலிருக்கிறது என்றார். கடைக்கு வந்த யாரோ பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்க முடியுமா? அலமாரியிலிருந்து ஒரு கரடிப் பொம்மையை எடுத்து உட்காரவைத்தார்கள். அந்தக் கடையிலேயே பெரிய கரடி. எங்கள் பாதிரியாரைவிட அரை அடி உசரம்.

கொக்கி இறுகியது.

ஹெட்லிக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. நிரூபித்தாகிவிட்டதே. கரடியை வெளியே எடுக்கப் போனபோதுதான் நிரூபணத்தின் முழு வலிமை தெரிந்தது. பெரியவர் கரடியைப் பிடித்து இழுக்க, ஹெட்லி சீட்டைப் பிடித்து இழுக்க, ஒரு காது தையல் விட்டு வந்தது. சீட்டை விட்டுவிட்டுப் போக ஹெட்லிக்கு மனசில்லை. கரடியோடு வெளியே போனால் திருட்டு. கடைசியில் கல்லாவில் நின்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, கரடிக்கும் விலை கொடுத்து, இரண்டையும் ஒன்றாகக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தார். வழியில் போக்குவரத்து விளக்கில் பக்கத்துக் காரில் குவெண்டோலின். கண்ணாடியை இறக்கி, கரடியை மேலும் கீழும் பார்த்து, "துணை கிடைச்சிருச்சு போல, நல்லதுதான்" என்றார்.

அடுத்த முறை போனபோதும் பெரியவர் அதே இடத்தில்தான் இருந்தார். தங்கமான ஊழியர். டயப்பர் எங்கே என்று கேட்ட ஒரு அம்மாளைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டினார். இன்னொருத்தியின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஹெட்லி கரடியோடு வருவதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. இந்த முறை ஹெட்லி ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. புதன்கிழமைகளைப் பற்றிச் சொன்னார். வாத்துகளைப் பற்றி, அன்னத்தைப் பற்றி. மேபல் சம்பந்தியம்மாவின் காரை இப்போதெல்லாம் 'நம்ம கார்' என்கிறாளாம்.

பெரியவர் கரடியின் பிய்ந்த காதைத் தடவிப் பார்த்தார்.

"இதை என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றார்.

விட்டுவிட்டு வந்தார். விஷயம் கேள்விப்பட்ட ரொவீனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சீட்டை யார்கிட்ட குடுத்தீங்க? அத்தாட்சிக்கு ஏதாவது எழுதி வாங்கினீங்களா?"

"கேட்டா அவர் மனசு கஷ்டப்படுமேம்மா."

"பேராவது கேட்டீங்களா?"

அதுவும் இல்லை. இப்போது சீட்டும் இல்லை, சீட்டு இருந்தது என்பதற்கு ஆதாரமும் இல்லை, கரடியும் போயிற்று. குவெண்டோலினோ புதன்கிழமைகளை நிரந்தரமாகத் தன் பேருக்கு எழுதிக் கேட்கிறார், மழலைப் பள்ளியில் பிள்ளையை அழைத்துப்போகிற ஆளாகவும் தன் பேரையே கொடுத்துவிடலாம் என்கிறார் என்று ரொவீனா சொன்னாள். "இந்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்கப்பா. எனக்கும் உங்ககிட்ட விடத்தான் ஆசை" என்றாள்.

ஹெட்லி மறுபடி கடைக்குப் போன அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சந்தைத் தெருவில் வாத்துகளே கடை வாசலில் ஒதுங்கி நின்றன. பெரியவர் வாசலிலேயே காத்திருந்தார். கையில் பிரிக்காத பெட்டியில் புது சீட்டு. அதன்மேல் பிஸ்கட் டப்பா. முதுகில் கரடி, கொக்கியிலிருந்து விடுதலையாகி, காது தைத்து, தலை வாரியிருந்தது.

"தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தடுக்கத் தடுக்க மழைக்குள் இறங்கினார். காரின் பின்கதவைத் திறந்து, முழங்காலால் சீட்டை அழுத்தி, வாரை இழுத்து இறுக்கி, கரடியை உட்காரவைத்துக் கொக்கியைப் போட்டுப் போட்டுத் திறந்து காட்டினார். கம்பளிச் சட்டை நனைந்து முழங்கால் வரை தொங்கியது. ஹெட்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

தன் வாழ்நாளில் முதல் முறையாகப் புகார் சொல்லத் துணிந்த மனிதர் இப்போது பாராட்டவும் துணிந்தார். நேரே கல்லாவுக்குப் போனார். அந்தப் பச்சைச் சட்டைக்காரர் மாதிரி ஒருவர் இந்தக் கடைக்குக் கிடைத்தது பெரும் பாக்கியம், அவரைச் சும்மா ஒரு மூலையில் நிற்கவைத்திருப்பது அநியாயம், முதலாளியிடம் தவறாமல் சொல்லவேண்டும் என்று சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்ற அம்மாக்கள், ஆமாம் தங்கமான மனுஷன் என்று சேர்ந்துகொண்டார்கள். கல்லாப் பெண் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், வந்த இடத்திலேயே விழுங்கிவிட்டு, "கட்டாயம் சொல்றேங்க" என்றாள்.

அந்தப் புதன்கிழமை மேபல் ஆற்றங்கரைக்கு வந்தாள். வாத்துகள் ஹெட்லியை மறக்கவில்லை. மேபல் பட்டாணியில் பாதியை வாத்துக்குப் போட்டு மீதியைத் தானே தின்றாள். திரும்பும்போது கரடியை இடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நம்ம கார்" என்றாள். ரொவீனாவின் கைக்கும் கொக்கி திறந்தது, ஹெட்லியின் கைக்கும் திறந்தது.

"அவ்வளவுதான் நடந்துச்சு" என்று ஹெட்லி முடித்தார். "ஒரு வார்த்தைகூட நான் கூட்டலை."

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனிட் டீக்கெண்டியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஹெட்லி பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்கப் போனார். எனிட் கையமர்த்தினார்.

"நடந்துதான் இருக்கு ஹெட்லி, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார் எனிட். "பேரனோட தள்ளுவண்டிச் சக்கரம் கழண்டுபோச்சு, மாத்திட்டு வரேன்னு அந்தக் கடைக்குத் தினமும் போய்க் கேக்காமலே திரும்பின என் வீட்டுக்காரர், தான் அங்க வேலை பாக்கலைன்னு உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டு, சொந்தக் காசுல சீட்டு வாங்கிக் குடுத்திருக்கார், இப்ப உங்க பாராட்டைக் கேட்டு அவரை மேனேஜராவே போட்டுட்டாங்க, அவங்ககிட்டயும் சொல்லக் கூச்சமா இருக்குன்னு காலையில டிபன் டப்பாவோட கிளம்பிப் போயிட்டார்."