அளவுச் சட்டை மாஸ்டர்

தொண்ணூறுகளில் ஏறக்குறைய இரண்டு வருடம், இத்தாலியின் பலெர்மோ நகரில் இருந்த தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே அளவில் இருந்தோம். நெட்டை, கட்டை, மெலிவு, மொத்தம் என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் புஷ்பமக்கா அளவு. பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் மெஷினோடு குந்தியிருந்த ஒரேயொரு பாகிஸ்தான்காரர்தான் அதற்குக் காரணம்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அளவுச் சட்டை மாஸ்டர் என்றுதான் சொல்லுவோம்.

முதலில் உடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தார் சல்வார் கமீசைப் பஞ்சாபி என்போம். மாஸ்டருக்கு அது பிடிக்காது. நான்தான் பஞ்சாபி, இது சூட் என்பார். நாங்கள் கேட்டால்தானே! ஊரிலிருந்து சீலையோடு வந்து இறங்கினவர்கள் நாங்கள். சீலையோடு, வேலைக்கு வைத்திருக்கும் சின்யோரா வீட்டு நாலு மாடிப் படியைக் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. பஸ்ஸுக்கு ஓடிப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் போடலாமென்றால் யாராவது ஊருக்கு எழுதிவிடுவார்கள். சண்டையால் ஊருக்கு மருந்து போகாத காலத்திலும் இப்படிச் செய்தி மட்டும் சுணங்காமல் போய்ச் சேர்ந்துவிடும்.

பஞ்சாபி எல்லாவற்றுக்கும் தோதாக இருந்தது. மூடவேண்டியதை மூடும். குந்தியிருந்து தரை தேய்க்கலாம், ஓடலாம். வெயிலுக்குக் காற்றுப் போகும். குளிருக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டாலும் வெளியே தெரியாது. மாஸ்டர் தன் ஊரிலிருந்து வருவிக்கும் பருத்தித் துணியோ, சின்னச் சின்னப் பூப்போட்டு மெல்லிசாக இருக்கும், தொட்டால் வைக்க மனம் வராது. கேட்காமலே பக்கத்தில் ஒரு பொக்கற்றும் வைத்துவிடுவார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதித் தாளும் சின்யோரா வீட்டுத் திறப்பும் அதற்குள் போய்விடும். ஸ்கூட்டரில் வந்து கைப்பை பறிக்கிறவர்களுக்கு எங்களிடம் பறிக்க ஒன்றுமில்லாமல் போனது.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் மனிதர் பெண்களின் மேல் அளவுநாடா வைக்கமாட்டார். நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார். நிலத்தைப் பார்த்தபடியே “அளவு?” என்பார். எங்களிடமிருந்து அவர் பிடித்த முதல் தமிழ்ச்சொல் அது. ஊரில் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது பழையதொன்றை அளவுக்குக் கொடுப்போமே, அதைத்தான் கேட்கிறார். பிளவுஸ் எங்களிடம் பெட்டி நிறைய இருந்தது. பஞ்சாபிக்கு எங்கே போவது? புஷ்பமக்காவிடம் மட்டும் ஒன்று இருந்தது. வரும் வழியில், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கராச்சியில் நாலு மாதம் இருத்திவைத்தபோது வாங்கியது. புஷ்பமக்கா நல்ல வாட்டசாட்டமான மனுசி, லிஃப்டுக்குள் தனியாகத்தான் போவா.

அந்தச் சட்டை பலெர்மோவின் சீசாப் பகுதியிலிருந்து போர்கோ வெக்கியோ வரைக்கும் வீடுவீடாகப் போய்வந்தது. கொஞ்சம் சின்னனாகத் தையுங்கோ என்று கேட்டால், எவ்வளவு சின்னன் என்று மாஸ்டர் திருப்பிக் கேட்பார். கையால் காட்டினால் நிமிர்ந்து பார்க்கமாட்டார். பிறகென்ன, புஷ்பமக்கா அளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்று பாராமல் எல்லோரும் பெல்லெக்ரினோ மலை ஏறி, ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவோம். மலையில் கடற்காற்று சும்மா அடிக்காது. முப்பது பெண்களும் முப்பது பஞ்சாபிக்குள் உப்பிக்கொண்டு ஏறினோம். என்னோடு ஒரே அறையில் இருந்த மேரி நாற்பத்திரண்டு கிலோ. அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் வளைவு திரும்பினோம். வழியில் நின்ற இத்தாலியக் கிழவி ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே மாதத்திலா பிள்ளைப்பேறு என்று விசாரித்தாள்.

நிமிர்ந்து பாராத மனிதருக்கு ஆட்களை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். செருப்பால்தான். எனக்குப் பெயர் பச்சைச் செருப்பு அக்கா. “பச்சைச் செருப்பு அக்கா, நாளைக்கு” என்பார். அந்த நாளைக்கு இரண்டு கிழமையில் வரும். ஒருமுறை செருப்பு அறுந்து புதுச் சப்பாத்தோடு போனேன். புதிதாக வந்த ஆளா, யார் அனுப்பினது என்று மரியாதையாகக் கேட்டார். வீட்டுக்குப் போய் அறுந்த செருப்பைக் கொண்டுவந்து காட்டித்தான் என் உடுப்பை மீட்டேன். அதற்குப் பிறகு புதிதாக வாங்கினாலும் பச்சையாகவே வாங்கினேன்.

என் சின்யோரா ஒருநாள் என் பஞ்சாபியைத் தடவிப் பார்த்துத் தனக்கும் ஒன்று வேண்டுமென்றாள். அளவுக்குத் தன் இறுக்கமான உடுப்பொன்றைத் தந்தாள். மாஸ்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். இது அவளுடைய மகளின் உடுப்பு, மாறிக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று திருப்பித் தந்தார். கடைசியில் அவளுக்கும் புஷ்பமக்கா அளவுதான். அதைப் போட்டுக்கொண்டு அவள் மொந்தெல்லோ கடற்கரைக்குப் போக, சினேகிதிகள் எங்கே வாங்கினாய் என்று பிடித்துக்கொண்டார்களாம். அடுத்த மாதம் மாஸ்டரின் வாசலில் மூன்று சின்யோராக்கள் குதி உயர்ந்த சப்பாத்தோடு நின்றார்கள். மூவருக்கும் ஒரே பதில், “குதிச்சப்பாத்து அக்கா, நாளைக்கு.”

இனி என் பாடு. எனக்கு ஒரே மகள், வதனி. தகப்பன் இல்லாத பிள்ளை. அவளை ஏழு வயதில் என் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தது ஆறு வருடமாகிவிட்டது. விசாத் தாள் கொடுக்கும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று நின்று அங்கிருந்த காவலாளியின் பிள்ளைகளின் பெயர்கூட எனக்குப் பாடம். ஒருவழியாகத் தாள் வந்தது. ஆவணியில் பிள்ளை வருகிறாள். அவள் வந்ததும் போட நான் ஒரு பஞ்சாபி தைப்பித்து வைக்கவேண்டும். கடையில் தைத்ததை வாங்கலாம்தான். எனக்கு அது வேண்டாம். ஆறு வருடமாக நான் என் பிள்ளைக்கு ஒரு பொத்தான்கூடப் பூட்டிவிடவில்லை. அவளுக்கென்றே அளவெடுத்த ஒரு சட்டையோடு நான் நிற்கவேண்டும்.

மாஸ்டரிடம் போனேன். “அளவு?” என்றார். வரும்போது பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்த அவளுடைய சின்னச் சட்டையை மேசையில் வைத்தேன். அதை விரித்து, உள்ளங்கையால் இரண்டுதரம் நீவிவிட்டார். பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கேட்டார். பதின்மூன்று என்றேன். மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

படத்தைக் காட்டினேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம், தலை மட்டும்தான் இருந்தது. ஊரிலிருந்து ஒரு சட்டையை எடுப்பிக்கச் சொன்னார். தங்கச்சி குடும்பம் இடம்பெயர்ந்து வன்னியில் இருக்கிறது, கடிதம் வரவே மூன்று மாதம் என்றேன். குத்துமதிப்பாகவாவது தையுங்கோ என்று கெஞ்சினேன். குத்துமதிப்பாகத் தான் தைப்பதில்லை என்றார்.

நான் பொறுமைக்குப் பேர்போன ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் புஷ்பமக்கா அளவில் தைத்துப்போட்டு என் பிள்ளைக்கு மட்டும் நியாயம் கதைக்கிறீரோ என்று இத்தாலியத்தில் தொடங்கி, “பிள்ளையை விட்டிட்டு வந்தவளின்ரை வயித்தெரிச்சல் உமக்கு என்னெண்டு தெரியும்?” என்று தமிழில் முடித்தேன். அவர் மெஷினை மிதிக்கத் தொடங்கினார். சட்டையைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன். இனி இந்தச் சந்துக்குள் கால் வைக்கிறதில்லை என்று சாந்தா ரொசாலியாவிடமும் சொல்லிவைத்தேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். மாஸ்டர் பச்சைச் செருப்பு அக்காவைத் தேடுகிறார் என்று மேரி வந்து சொன்னாள். போகமாட்டேன் என்றேன். அடுத்த நாள் போனேன்.

அவர் ஒரு துணிப்பையிலிருந்து மஞ்சள் பஞ்சாபி ஒன்றை எடுத்து வைத்தார். போட்டுத் தோய்த்து வெளிறியது, கீழ்விளிம்பு ஒருமுறை அவிழ்த்து நீட்டியிருந்தது. அவருடைய ஊரான சியால்கோட்டிலிருந்து வந்த ஒருவரின் கையில் வீட்டார் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். மாஸ்டருடைய மகளின் சட்டை. அவளுக்கும் பதின்மூன்று. அவர் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பெருநாளுக்குப் பெருநாள் துணி அனுப்புவாராம். அங்கே வேறொரு தையல்காரன் தைத்துக் கொடுப்பானாம்.

அவருடைய இத்தாலியத்தையும் என்னுடையதையும் சேர்த்தால்தான் ஒரு முழு இத்தாலியம் வரும். அதை வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் ஏன் அளவுச் சட்டை கேட்கவில்லை என்று கேட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்தபடி சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“கேட்டால், மகளின் அளவு எனக்குத் தெரியாது என்று வீட்டில் தெரிந்துவிடும், அக்கா. இப்போது உங்கள் மகளுக்கு வேண்டுமென்று சொல்லிக் கேட்டேன்.”

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். தனக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை என்றார். பிறகு, கொஞ்சம் விளங்கியது என்றார்.

நீலப் பூப்போட்ட ஒரே துணியில் இரண்டு தைத்தார், ஒன்று என் மகளுக்கு, ஒன்று தன் மகளுக்கு. நாளைக்கு என்றார், உண்மையிலேயே நாளைக்குத் தந்தார். நான் அறிய அது ஒருமுறைதான் நடந்தது. போட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

விமான நிலையத்தில் நான் ஒரு சின்னப்பிள்ளையைத் தேடிக்கொண்டு நின்றேன். என்னைவிட ஒரு விரல்கடை உயர்ந்த ஒருத்தி வந்து அம்மா என்றாள். அழுது முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, ஏனம்மா ஆரின்ரையோ சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறியள் என்பதுதான். வீட்டுக்கு வந்து நீலப் பஞ்சாபியைப் போட்டாள். தோள் அச்சொட்டாக இருந்தது. நீளந்தான் இரண்டு அங்குலம் போதவில்லை.

அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். பச்சைச் செருப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளைச் சப்பாத்து நிற்பதைக் கண்டதும் மெஷின் நின்றது. மனிதர் நிமிர்ந்தார். அவருக்குப் பூனைக்கண் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

விளிம்பைக் காட்டி, நீளம் போதவில்லை என்றேன். தெரிகிறது, உள்ளே துணி விட்டிருக்கிறேன், என் மகளுக்குத் தைத்த மற்றதையும் அவிழ்த்து நீட்டித்தான் அனுப்பவேண்டும் என்றார். பிறகு, பிள்ளையைச் சந்து முனைவரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று கேட்டார். வதனி நடந்தாள், திரும்பி வந்தாள். மாஸ்டர் வாசலுக்கு இறங்கி வந்து, தொடாமல், அவளுடைய தலைக்கு நேரே வெறும் காற்றில் கையைப் பிடித்தார். அந்தக் கையை அப்படியே தன் பக்கம் கொண்டுவந்தார். அது அவருடைய காதுக்கு வந்தது.

“இவ்வளவா, அக்கா?”

“ஓம் மாஸ்டர், இவ்வளவுதான்.”

அவர் கையை எடுக்கவில்லை. வதனி என் பக்கம் சாய்ந்து, “அம்மா, இந்த மாமா ஏன் என்னை இப்பிடிப் பாக்கிறார்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அளவு பாக்கிறார், பிள்ளை,” என்றேன். “அவர் பாத்து முடியுமட்டும் வடிவாய் நில்லு.”