சகலையின் பச்சைச் சான்றிதழ்

செந்தூரனின் டோபிக் கடைச் சுவரில் அந்தப் பசுமை மின்சாரச் சான்றிதழைப் பார்த்ததிலிருந்து ஜெயகாந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலே ஒரு பூமாலை வேறு. பண்டமாரானிலிருந்து மேருவிலிருந்த தன் கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார்.

செந்தூரன் அவருடைய சகலை. மனைவி மீனலோசனியின் தங்கையைக் கட்டியவர். இருவருக்கும் ஒரே தொழில். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகளை இவர் மேருவில் வெளுத்தார். துண்டுகளை அவர் பண்டமாரானில் வெளுத்தார். இப்போது ஹோட்டல் மேலாளர் விவியன், அடுத்த ஆண்டு முழு வேலையும் ஒருவருக்குத்தான், அவர் பசுமை மின்சாரத்தில் துவைப்பவராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். விரிப்புகள் கை நழுவினால் ஜெயகாந்தன் கடையை மூட வேண்டியதுதான்.

அதைவிட அவரை எரித்தது மாமனார் கந்தப்பு. அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற அவர், மனிதர்களைச் சான்றிதழ் கொண்டே எடை போடுவார். பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் செந்தூரன் எட்டு ஏ. ஜெயகாந்தன் ஒரு ஏ, அதுவும் ஓவியத்தில். கல்யாணமாகி இருபது வருடமான பிறகும் கோயில் விருந்துகளில் அந்தப் பேச்சு வரும். இந்த முறை, "சின்ன மாப்பிள்ளை பசுமைச் சான்றிதழ்ல பன்னிரண்டு எடுத்திருக்கார்" என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாளே ஜெயகாந்தன் மின்சார நிறுவனத்துக்குப் போன் செய்தார். பச்சை மின்சாரத்துக்குப் புதுக் கம்பி இழுப்பார்கள் என்று நினைத்து, வாசல் மாமரத்தின் கிளையை முன்கூட்டியே வெட்டியும் வைத்திருந்தார். போனில் பேசிய மாதவி என்ற அதிகாரி, கம்பியும் மாறாது, மின்சாரமும் மாறாது என்றாள். எங்கோ ஒரு சூரியப் பண்ணை மின்சாரம் தயாரித்து எல்லோருக்கும் பொதுவான கம்பியில் விடுகிறது. அதில் ஒரு பங்கு நம் கணக்கில் சேர்ந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமைதான் சான்றிதழ். ஜெயகாந்தன் வெட்டிய கிளையைப் பார்த்தார்.

"எனக்கு இருபது குடும்மா."

"உங்க பில்லுக்கு எட்டு போதும் அங்கிள். ஒரு சான்றிதழ்னா ஆயிரம் யூனிட். யூஸ் பண்ணாத கரண்டை யூஸ் பண்ணேன்னு சொல்ல முடியாதுல்ல?"

"பண்டமாரான்ல ஒருத்தர் பன்னிரண்டு வச்சிருக்காரே?"

"அவர் அவ்வளவு கரண்ட் யூஸ் பண்றாரு போல."

போனை வைத்தபோது ஜெயகாந்தனின் முகம் தெளிந்திருந்தது. அதிகச் சான்றிதழ் வேண்டுமென்றால் அதிக மின்சாரம் எரிக்க வேண்டும். அவ்வளவுதானே.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேஸ் டிரையர்களைக் கழற்றிவிட்டு மின்சார டிரையர்களை மாட்டினார். இஸ்திரி போடும் இடத்துக்கு ஏர்கான் வந்தது. வேலையாட்கள் சுவெட்டரோடு வர ஆரம்பித்தார்கள். பெயர்ப்பலகை விளக்கு பட்டப்பகலில் எரிந்தது. பூமியைக் காப்பாற்றவா இப்படி எரிக்கிறீர்கள் என்று மீனலோசனி கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றார்.

கடையின் பழைய வயர்களுக்கும் புரியவில்லை. மத்தியானமானால் 'டப்' என்று கரண்ட் போய்விடும். ஈர விரிப்புகள் மலையாகக் குவியும். ஜெயகாந்தன் டார்ச்சோடு மெயின் பாக்ஸிலேயே குடியிருந்தார்.

"நீங்க கரண்டைப் பாருங்க. டெலிவரியை நான் பாத்துக்கறேன்" என்றாள் மீனலோசனி.

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். ஹோட்டலுக்கு ஒருநாள்கூட விரிப்பு தாமதமாகவில்லை. தன் ஆட்களுக்குத் தான் கொடுத்த பயிற்சி அப்படி என்று ஜெயகாந்தன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அந்த மாத பில்லுக்குப் பதினெட்டுச் சான்றிதழ் வாங்கினார். தேக்குச் சட்டம் போட்டு மாமனார் வீட்டுக்கே எடுத்துப்போனார். கந்தப்பு மூக்குக்கண்ணாடியை மாட்டி, அடியிலிருந்த சின்ன எழுத்துவரை படித்தார்.

"பரவாயில்ல மாப்பிள்ளை. நல்ல முன்னேற்றம்தான். செந்தூரனுக்கு இந்த மாசம் இருபத்தொண்ணு."

ஜெயகாந்தன் தேக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். வந்த வேகத்தில் இரண்டு பெரிய டிரையர்களை வாங்கி இறக்கினார். இப்போது காலையிலேயே கரண்ட் போனது. இயந்திரங்கள் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். இவ்வளவு செலவழித்தும் பில் குறைந்து, சான்றிதழ் பதினாலுக்கு இறங்கியது. செந்தூரனோ இருபத்தாறு.

சகலையும் தன்னைப் போலவே விளக்கெரித்துத்தான் எண்ணிக்கையைக் கூட்டுகிறான் என்று சந்தேகம் வந்தது. ஒருநாள் பண்டமாரானுக்குப் போய் எதிர்க் கடையில் தே தாரேக் வாங்கிக்கொண்டு ஒளிந்து பார்த்தார். அங்கே ஏர்கான் இல்லை. இரண்டு மின்விசிறி, அதிலும் ஒன்று சுற்றவில்லை. ஆனால் எல்லா இயந்திரங்களும் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஹோட்டலை ஏற்கெனவே வளைத்துப் போட்டுவிட்டான், நம் சோலி முடிந்தது என்று ஆறிப்போன தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

முடிவு சொல்லும் நாளில் இருவரும் சட்டம் போட்ட சான்றிதழோடு விவியன் முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் இரண்டையும் பில்லோடு ஒப்பிட்டுவிட்டு ஓரமாக வைத்தாள். பில்லில் உள்ள யூனிட்டுக்குச் சரியாக இருந்தால் போதும், யாருக்கு எத்தனை என்பது ஹோட்டலுக்குத் தேவையில்லை என்றாள். பிறகு ஜெயகாந்தனைப் பார்த்துச் சொன்னாள்.

"கடைசியில நாங்க வேலையைத்தான் பாத்தோம். இந்த ரெண்டு மாசமா பெட்ஷீட் வந்த வெள்ளை மாதிரி இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. கெஸ்ட் எல்லாம் சொல்றாங்க. கான்ட்ராக்ட் உங்களுக்குத்தான் அங்கிள்."

ஜெயகாந்தன் சகலையின் பக்கம் திரும்பினார். அந்த முகம் கறுப்பதைப் பார்க்க இருபது வருடம் காத்திருந்தவர் அவர். செந்தூரனோ சிரித்த முகத்தோடு கைகொடுத்து, "ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்றார். ஜெயித்த பிறகும் பொறாமைப்பட வைக்க இவனால் மட்டும்தான் முடியும் என்று தோன்றியது.

கீழே கார் நிறுத்துமிடத்தில் செந்தூரனின் லோரி ஓட்டுநர் டேரன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஜெயகாந்தனால் சும்மா போக முடியவில்லை.

"ஏன் தம்பி, உங்க முதலாளி வெறும் துண்டு வெளுக்கறவர். அதுக்கு எப்படி லா இருபத்தாறு வந்துச்சு?"

டேரன் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "துண்டுக்குப் பாதிகூட ஆகாது அங்கிள், மிச்சமெல்லாம் உங்க பெட்ஷீட் லா, உங்க கடையில கரண்ட் போறப்பெல்லாம் ஆன்டி எங்ககிட்டதானே அனுப்பி வெளுத்தாங்க."