பாலை மரத்தில் தொங்கிய சம்பந்தம்

திருகோணமலை,
9.7.1964.

அன்புள்ள மச்சான் லெஸ்லிக்கு,

இங்கே நானும் உம்முடைய அக்கா மரியமலரும் பிள்ளை சீலாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். கொழும்பில் நீரும் குடும்பமும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் மன்றாடினேன். இரண்டு முழங்காலிலும் தோல் இல்லாதபடியால் நின்றுகொண்டுதான் மன்றாடினேன். அதன் காரணம் கீழே வருகிறது.

சீலாவுக்கு நீர் பாடுபட்டு ஒழுங்கு செய்த சம்பந்தம் குழம்பிப்போய்விட்டது. பிழை முழுவதும் என்னுடையது. மாப்பிள்ளையின் தகப்பன் இராஜநாயகத்தாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு உடனே ஒரு கடிதம் எழுதும். உம்முடைய கையெழுத்து அழகு, என்னுடையது களஞ்சியக் கணக்குக்கு மட்டும்தான் உதவும். எழுதுவதற்கு நடந்தது தெரியவேண்டும் அல்லவா, அதனால் ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்பது உமக்குத் தெரியும். வருடா வருடம் இந்த மாதத்தில் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் மலைக்காட்டில் நடப்பாராம். பெண் பார்க்க வந்த இடத்தில், நீங்களும் வாருங்கள், கூட நடந்தால்தான் ஆளைத் தெரியும் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? முப்பத்தொரு வருடம் துறைமுகக் களஞ்சியத்தைக் காத்தவன் நான், என் காலத்தில் ஒரு பிஸ்கட்டை எலி தொட்டதில்லை, சாப்பாட்டுப் பொறுப்பை என்னிடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மரியமலர் அப்போதே செபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள்.

மூதூருக்கு லோஞ்சில் கடலைக் கடந்து போய், அங்கே வழிகாட்ட முஹம்மது தம்பியைச் சேர்த்துக்கொண்டோம். காட்டில் தேன் எடுப்பவர், அதிகம் பேசாத மனிதர். ஈச்சிலம்பற்று வரை பஸ், அதற்கு மேல் மேற்கே நடை. மாலையில் மலையடியில் தங்க ஓர் இடம் பார்த்தோம். மலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன், முஹம்மது தம்பி "மலை" என்றார். பிறகு எங்களிடம், இந்தப் பக்கம் கரடி இருக்கிறது, சாமானைப் பத்திரமாக வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார்.

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். கப்பலில் இருந்து சாமான் இறக்குகிற மாதிரிக் கப்பியும் கயிறும் கொண்டுபோயிருந்தேன். சுற்றிப் பார்த்து நல்ல வைரமான மரம் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். தடித்த கொப்புகள், கீழே மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழங்கள் கொட்டிக் கிடந்தன. ஒரு பிடி பொறுக்கித் தின்று பார்த்தேன், தேன் மாதிரி இருந்தது. இருக்கிற இடத்திலேயே பழமும் கிடைக்கிறதே என்று இராஜநாயகத்தாருக்கும் கொடுத்தேன். அரிசி, பருப்பு, சாம்பல்தீவுக் கருவாடு, அவருடைய மனைவி தந்துவிட்ட தொதல் இனிப்பு நிறைந்த தகரப் பேணி எல்லாவற்றையும் கன்வஸ் பையில் போட்டு இரண்டு ஆள் உயரத்தில் ஏற்றினேன். காவல் செய்ய வசதியாக இருக்கட்டுமென்று அந்த மரத்தடியிலேயே பாய்களை விரித்தேன். சம்பந்தி பெரிய மனிதர், அவருக்குக் கௌரவமாக வேரோடு ஒட்டின இடம். கயிற்று நுனியை என் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். முஹம்மது தம்பி இருண்டபின் வந்து, சாமான் பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றேன். அவரும் நம்பிப் பாறைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தார்.

விடியும் நேரம் கை இழுபட்டது. முஹம்மது தம்பி தேத்தண்ணீருக்குச் சீனி எடுக்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமலே கண்டிப்பாகச் சொன்னேன்:

"கையெழுத்து வைக்காமல் ஒண்டும் எடுக்க ஏலாது."

மறுமொழியாக ஒரு கருவாடு என் நெற்றியில் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். கொப்பில் கரடி குந்தியிருந்து, பையைக் கிழித்துத் தொதல் பேணிக்குள் வாயை விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கிடப்பதைக் கண்டதும் பின்பக்கமாகச் சறுக்கி இறங்கத் தொடங்கியது. அது இறங்கும் இடத்தில்தான் இராஜநாயகத்தார் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

மச்சான், களஞ்சியக்காரன் செய்யக்கூடாத வேலையை அப்போது செய்தேன். கயிற்றை உதறிவிட்டு, என் பொறுப்பில் இருந்த சாமானை அப்படியே கைவிட்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். கல்லும் முள்ளும் பாராமல், விழுந்தும் எழும்பியும், நூற்றைம்பது அடி தூரம் இழுத்துக்கொண்டு போனேன். பாய் பாதி வழியில் நின்றது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் அதற்கும் முதலே நின்றுவிட்டது. முஹம்மது தம்பி ஓடிவந்து வெறும் வாளியைத் தட்ட, கரடி பேணியையும் கொண்டு நிதானமாகப் பற்றைக்குள் போனது. பெண் கேட்டு வந்த மனிதரை இந்தக் கோலத்தில் நிறுத்தி வைத்தேனே என்று எனக்குச் சாகலாம் போல இருந்தது.

முஹம்மது தம்பி மரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது பாலை மரம். பழக்காலத்துல கரடி சாப்பிட வார குசினி இதுதான். அதுட குசினிக்குள்ளயே போய் நீங்க சாமான் வெச்சிருக்கீங்க."

சாமானை இறுக்க மூடும் பேணியில் போட்டுப் பாறை வெடிப்புக்குள் செருகி, மேலே கல் ஏற்றி, படுக்கும் இடத்துக்கு நூறு அடியாவது தள்ளி வைக்க வேண்டுமாம். காட்டுக்குப் போகிற யாருக்கும் இது தெரியும் என்பதால் அவர் சொல்லவில்லையாம். துறைமுகத்தில் இருந்த எனக்குத் தென்னையும் வேம்பும் தவிர எந்த மரம் தெரியும்?

அதோடு திரும்பிவிட்டோம். வழியில் கரடி மிச்சம் விட்ட பாலைப்பழம்தான் சாப்பாடு. இராஜநாயகத்தார் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மூதூர்த் துறைக்கு வந்ததும் "பிறகு கதைப்பம்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பிறகு கதைப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன கருத்து என்று உமக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது, இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனது. அவளுக்கு இந்தப் பொடியனைப் பிடித்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் "அப்பா, அவர் என்ன சொன்னவர்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கரடி நல்ல பெரிசு என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

ஆகவே மன்னிப்புக் கடிதத்தை எழுதும். பொடியனில் குற்றமில்லை, பிள்ளையில் குற்றமில்லை, தகப்பன்தான் மடையன் என்று விளங்க எழுதும். அங்கே வேறு நல்ல இடம் இருந்தாலும் பாரும். உம்முடைய பிள்ளைகள் மூவருக்கும் என் ஆசீர். தேவமாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் நிக்கலஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் இராஜநாயகத்தார் வந்துவிட்டுப் போனார். முதுகுக் காயத்தோடு பஸ்ஸில் சாய்ந்திருக்க முடியாதபடியால்தான் இத்தனை நாள் வரவில்லையாம். சாயாமல் கதிரை நுனியில் இருந்துகொண்டு, "கயித்தை விட்டிட்டு என்ர கையைப் பிடிச்சனீங்கள், அந்தச் சம்பந்தி எனக்குக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். குசினியில் சீலா கோப்பையைப் போட்டு உடைத்தாள், ஒருவரும் ஏசவில்லை. செப்டெம்பரில் கல்யாணம். மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: கல்யாணச் சாப்பாட்டு அறையின் பூட்டும் திறப்பும் என் கையில் இருக்கக்கூடாதாம். மரியமலரும் உடனே சரி என்றுவிட்டாள். முப்பத்தொரு வருடம் களஞ்சியம் காத்தவனுக்கு இது அவமானம் இல்லையா, மச்சான்? அவருக்குக் கட்டாயம் ஒரு கடிதம் எழுதும். மன்னிப்புக் கேட்டு அல்ல, கண்டித்து.