வெர்னா கொடுத்த குறிப்பு

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

டுலூத்திலிருந்து அண்ணன் ஆர்வில் எழுதுவது. ஏரியிலிருந்து மூடுபனி எழும்பி வாசற்படி வரை வந்து நிற்கிறது, மற்றபடி நலம். அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் காய்ந்து போகாமலிருக்க ஆண்டவன் துணை. நிற்க. உன் மாடி அறையை எனக்கு ஒழித்து வை. இனி இந்த ஊரில் நான் தலைகாட்ட முடியாது.

எங்கள் செவ்வாய்க்கிழமைச் சீட்டாட்டம் உனக்குத் தெரியும். நான், வெர்னா, பல் டாக்டர் கிளேட்டன், காப்பிக்கடை ஜன்னலோரம். மூவரும் ஒரே கட்சி, ஜெயித்தால் சேர்ந்துதான். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று, இரண்டு என்று வரிசை தப்பாமல் சீட்டு இறக்க வேண்டும். சீட்டைத் திருப்பிப் பிடிப்போம். என் கையிலிருப்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நிறமோ எண்ணோ குறிப்பாகச் சொல்லலாம், வேறு பேச்சு கூடாது. அதிலே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எனக்கு அடுத்து ஆடும் கிளேட்டனிடம், இப்போதைக்கு இறக்கவே முடியாத சீட்டை வெர்னா குறிப்புக் காட்டினால், அதற்கு முந்திய சீட்டு என் கைக்குப் புதிதாய் வந்திருக்கிறது என்று அர்த்தம். பார்க்காமலே இறக்கிவிட வேண்டும். பனிக்குள் கால் வைப்பது போலிருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கீழே தரை இருந்தது, சிக்னே! வெளியே எங்கோ கப்பல் ஊதும், எதிரே அவள் கண்ணைத் தாழ்த்திச் சிரிப்பை அடக்குவாள், காப்பி ஆறிப்போகும். மூன்று வருஷமாய் எனக்கு வேறு சொர்க்கம் தேவைப்படவில்லை.

போன வாரம் சீட்டைக் கலைத்துக்கொண்டே, "கிளேட்டன், ஜூன்ல உன் படகுக் கொட்டகை கிடைக்குமா? ஒரு கல்யாணத்துக்கு" என்றாள். யாருக்குக் கல்யாணம்? கிளேட்டனுக்கு மனைவி இருக்கிறாள். வெர்னா கணவனை இழந்தவள், நானோ கட்டைப் பிரம்மச்சாரி. இறக்க முடியாத சீட்டு! அப்படியானால் முந்திய சீட்டு, அதாவது பெண் கேட்பது, என்னிடம்! வாரம் பூராவும் தரையில் கால் பாவாமல் திரிந்துவிட்டு, நேற்று மோதிரத்தோடு போய்க் கடை நடுவே மண்டியிட்டேன். வெர்னாவின் சீட்டெல்லாம் சிதறிப்போயின. "ஐயோ ஆர்வில், அது என் அக்கா பொண்ணு கல்யாணம்!" என்றாள். கிளேட்டன் வேறு, "யோவ், எந்திரிய்யா, எல்லாரும் பாக்குறாங்க" என்கிறான். எழுந்திருக்க முடிந்தால்தானே! முட்டி பிடித்துக்கொண்டது, இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மானம் கப்பலேறிவிட்டது அம்மா. அதுகூடப் போகட்டும். இனி அவள் எதிரே உட்கார முடியாதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை கிளம்பி வருகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, உனக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
ஆர்வில்

பி.கு.: உறையை ஒட்டும்போது கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் வெர்னா! "ஏரிக்கரைல நடக்கலாமான்னு கேட்டேன், கிளேட்டனையும் கூட்டிட்டு வந்தீங்க. தனியா சாப்பிடப் பிடிக்கலைன்னேன், டிவியைப் போட்டுக்கச் சொன்னீங்க. மூணு வருஷமா அதெல்லாம் புரியல, சும்மா கொட்டகை கேட்டது மட்டும் புரிஞ்சுதாக்கும்!" என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, "எங்கய்யா அந்த மோதிரம்?" என்று கையை நீட்டினாள். மாடி அறை வேண்டாம், நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு வந்து சேருங்கள். இன்னும் எதையெல்லாம் கோட்டை விட்டேன் என்று அவளைக் கேட்டேன். விதிப்படி சொல்லக் கூடாதாம்.