கதவுக்குப் பின்னால் ஒரு காலியிடம்

நெருப்புக்கு அடுத்தபடியாக மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான பொருள், எங்கள் ‘வேலை தேடல் வழிகாட்டி மையம்’. முன்பெல்லாம் வேலையில்லாதவர்கள் கண்ட இடத்திலெல்லாம் வேலை தேடுவார்கள். சில சமயம் அது கிடைத்தும் தொலைக்கும். இன்று அந்த அவலம் இல்லை. எல்லாரும் முறைப்படி திட்டமிடுகிறார்கள்.

நான் அங்கே உதவி அலுவலர். என் கொழுந்தியாள் தட்டச்சர். அவள் வேலை பார்த்த அலுவலகத்தை முதலாளி இழுத்து மூடியதும் நானே அவளை மையத்தில் சேர்த்துவிட்டேன். நான்கு மாதமாகத் திட்டம் தீட்டுகிறாள். நடுநடுவே, ‘பயிற்சி’ என்ற பெயரில், மையத்தின் கடிதங்கள் அத்தனையையும் அடித்துத் தருகிறாள்.

“அத்தான், விண்ணப்பம் எப்பப் போடறது?”

“அது ஏழாம் கட்டம்மா. நீ இன்னும் மூணுலதானே இருக்கே?”

“இந்த மாசமும் வேலை கிடைக்கலேன்னா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துடுவேன். அக்காகிட்ட சொல்லியாச்சு.”

நான் உடனே அவளை நான்காம் கட்டத்துக்கு உயர்த்தினேன்.

நேற்று இயக்குநரின் பேருரை: ‘வாய்ப்பைக் கண்டதும் பிடிப்பது எப்படி?’ ஆறு மணி நேரம். யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது. அவளும் எழவில்லை.

இன்று சாரல் அடித்தது. எப்போதும் திறந்தே கிடக்கும் வாசல் கதவை அவள்தான் சாத்தினாள். கதவின் பின்பக்கத்தில் ஓர் அறிவிப்பு: ‘இம்மையத்துக்குத் தட்டச்சர் தேவை.’ கடைசித் தேதி நேற்று.

“இதை யாரு இங்க ஒட்டினது?”

“நான்தான். எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டணும்னு விதி இருக்கு.”

“கதவு திறந்தே கிடந்தா எப்படிப் படும்?”

“கதவு எப்பவும் திறந்திருக்கணும்னும் விதி இருக்கே!”

“வாயைத் திறந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தான்?”

“சொந்தக்காரங்களுக்குச் சொன்னா முறைகேடும்மா.”

விதிப்படி, வேலை கிடைக்காதவர்களைப் பற்றிய மாதாந்தர அறிக்கை இன்று மாலைக்குள் மேலிடம் போயாக வேண்டும். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘போதிய முயற்சி இல்லை’ என்று எழுதினேன். எல்லாருக்கும் அதுதான் எழுதுவது. அடித்துக் கொடுக்க வேறு ஆள் ஏது? அவளிடமே கொடுத்தேன்.

ஐந்தே நிமிடத்தில் அடித்து, இயக்குநரிடம் நேரே கொண்டுபோய்க் கையெழுத்தும் வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பியும் விட்டாள். என்ன சுறுசுறுப்பு! நகலைப் பெருமையோடு படித்தேன். பிழையே இல்லை. அவள் பெயருக்கு நேரே, ‘காரணம்’ என்ற கட்டத்தில் மட்டும் ஒரே சொல் இருந்தது:

‘அத்தான்.’